பழைய ஜீப்பைச் சோதிக்க ஒரு முறை வேண்டும்: போக்குவரத்து ஆணையருக்குத் திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்கள், தொன்மை வாகனப் பதிவை ஆராயும் குழுவினர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள், மோட்டார் வாகன ஆய்வாளர்கள்.

பொருள்: 50 ஆண்டு கடந்த ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகளில் எது பழுதுபார்ப்பு, எது மாற்றம் என்று பிரித்தறிய எழுத்தில் ஓர் ஆய்வு முறை கேட்டு.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தொன்மை வாகனங்களுக்கென்று தனி விதிகள் சேர்ந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அவை பொருந்தும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சான்று 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவருக்கு 'வி.ஏ.' வரிசை. விதியில் எங்களுக்குக் குறையில்லை. அதில் வரும் ஒரு நிபந்தனையை ஆளுக்கொரு விதமாகப் படிப்பதுதான் குறை. வண்டி மூல வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது என்பது அந்த நிபந்தனை.

கார் ஷெட்டில் துணி போர்த்தி நின்ற வண்டிக்கு இந்த நிபந்தனை எளிது. நீலகிரியிலும் வால்பாறையிலும் கொடைக்கானல் கீழ்மலையிலும் எரு மூட்டையும் உருளைக்கிழங்கும் ஏற்றிய ஜீப்புக்கு அப்படியில்லை. 50 ஆண்டு உழைத்த ஜீப்பில் தரைத் தகடு மாறாமல், தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து போர் அடிக்காமல், பிரேக் பைப் மாற்றாமல் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஆய்வுக்கு நிற்கும்போது ஓர் அலுவலகத்தில் 'புது பெயின்ட் அடித்திருக்கிறது, இது ஒரிஜினல் இல்லை' என்கிறார்கள். இன்னொன்றில், டீசல் இன்ஜின் வைத்து சேஸியை நீட்டிய வண்டி பளபளப்பால் தேறிவிடுகிறது. பெயின்டைப் பார்த்தால் இரண்டும் நடக்கும். அளந்து பார்த்தால் இரண்டுமே நடக்காது. எதை, எப்படி அளப்பது என்பதை இங்கே எழுதியிருக்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு, நம் பக்கம் அதிகம் மிஞ்சியிருக்கும் சிஜே-3பி வகைப் பெட்ரோல் ஜீப். வில்லிஸ் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்தது. மகிந்திரா இங்கே செய்தது. பானட் உயரமாக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் எஃப்-134 இன்ஜின். இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலுமாக அமைந்த 2,199 சிசி, நான்கு சிலிண்டர். டி-90 மூன்று கியர் பாக்ஸ், அதன் பின்னால் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும், இரண்டு லீவர் கொண்ட ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் 5.38 விகித கிரௌன் பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி), 9 அங்குல டிரம் பிரேக், 6.00-16 டயர். சக்கர மையத்திலிருந்து சக்கர மையத்துக்கு 80 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. மூல வடிவம் என்பது இந்தப் பட்டியல்தான். பச்சைப் பெயின்டும் கேன்வாஸ் கூரையும் பிறகு பார்க்க வேண்டியவை.

முதல் வேலை டேப் பிடிப்பது. 80 அங்குலம் வர வேண்டிய இடத்தில் 91 அங்குலம் வந்தால் அது எம்எம்540 போன்ற பின்னாளைய வண்டியின் சேஸியாக இருக்கலாம், நீட்டிய சேஸியாகவும் இருக்கலாம். எப்படியானாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வண்டி அது அல்ல. இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இடது வலது வித்தியாசம் சில மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் ஒடிந்து ஹவுசிங் (ஆக்ஸிலின் கூடு) நகர்ந்திருக்கும், அல்லது சேஸி முறுக்கியிருக்கும். முன் ஸ்பிரிங் ஹேங்கரிலிருந்து எதிர்ப்பக்கப் பின் ஹேங்கருக்குக் குறுக்காக இரண்டு அளவு எடுத்தால் முறுக்கும் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது எண்கள். இன்ஜின் எண், பிளாக்கின் முன்புறம் வாட்டர் பம்ப் உட்காரும் மேட்டில் பொறித்திருக்கும். பிளாக் மாறினால் எண்ணும் மாறும். இதைத் தெரியாமல் ஹெட்டில் தேடிவிட்டு 'எண் இல்லை' என்று எழுதுவது உண்டு. சேஸி எண்ணின் நிலைமை இன்னும் மோசம். துரு எடுக்க மணல் அடிக்கும்போது ஆழமில்லாத பொறிப்பு தேய்ந்துபோகும். மிஞ்சியதை பிரைமரும் பெயின்டும் மூடும். வண்டி வைத்திருப்போருக்கு நாங்கள் சொல்வது: வேலை தொடங்கும் முன்பே துருவைக் கம்பி பிரஷ்ஷால் மட்டும் துடைத்துவிட்டு, சேஸி பிரிண்ட் (எண்ணின் மேல் தாள் வைத்துத் தேய்த்த பிரதி) எடுத்து, புகைப்படமும் எடுத்து, எண் உள்ள இடத்தில் தடித்த டேப் ஒட்டி மூடிய பிறகே மணல் அடிக்கக் கொடுங்கள். தங்களிடம் நாங்கள் கேட்பது: அப்படி வேலைக்கு முன் எடுத்த பிரிண்ட்டை ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்க்க ஒரு வழி செய்யுங்கள். பிரித்துப் போட்ட பிறகு வரும் சந்தேகம் எதுவும் அப்போது வராது.

இனி இன்ஜின். போர் அடிப்பது மாற்றமா? இல்லை. இந்த இன்ஜினின் சிலிண்டர் 3.125 அங்குலம். தேய்ந்தால் 20, 30, 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் போட இடம் வைத்தே செய்திருக்கிறார்கள். 40 தௌ போனால் கொள்ளளவு 2,199-லிருந்து சுமார் 2,256 சிசி ஆகும். புத்தகத்தில் 2,199 என்று இருப்பதால் இதை 'இன்ஜின் மாற்றம்' என்று குறித்தால் உலகத்தில் எந்தப் பழைய இன்ஜினும் தேறாது. 40-க்கு மேல் போனவற்றில் ஸ்லீவ் இறக்கி மறுபடி 3.125-க்கே கொண்டுவரலாம். அதுவும் பழுதுபார்ப்புதான்.

மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த ஹெட்டை இறக்கும்போது ஒரு போல்ட் கண்ணில் படாது. கார்புரேட்டரைக் கழற்றினால் அதன் அடியில், இன்லெட் துளைக்குள் அது இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 'ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்று உளி வைத்து நெம்பியதால் உடைந்த ஹெட்டுகள் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிடக்கின்றன. பூட்டும்போதும் அதே போல்ட்டை மறந்தால் நடுவில் கேஸ்கெட் ஊதும். 60 முதல் 70 அடி-பவுண்டு முறுக்கு, நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றில். ஹெட் இறங்கியிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்று, விரிசலைக் காட்டும் சாயமான டை பென்ட்ரன்ட் அடித்துப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் மலையேறிய பிளாக்குகளில் விரிசல் விழும் இடம் அதுதான். போர் அடித்து முடித்த பிறகு கண்டுபிடித்தால் லேத் கூலி தண்டம். டேப்பெட் இடைவெளி இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் 18 தௌ, எக்ஸாஸ்ட் 16 தௌ. பிளக் 30 தௌ, பாயின்ட் 20 தௌ, ஃபயரிங் வரிசை 1-3-4-2.

நீலப் புகை வந்தால் உடனே ரிங் போய்விட்டது என்று ஆய்விலும் எழுதுகிறார்கள், ஒர்க்‌ஷாப்பிலும் சொல்கிறார்கள். வைப்பர் வேக்குவத்தில் ஓடும் வண்டிகளில் பெட்ரோல் பம்ப்புக்கு இரண்டு டயஃப்ரம். வேக்குவம் பக்கத்து டயஃப்ரம் கிழிந்தால் கிராங்க் கேஸ் ஆயிலை அது இன்லெட்டுக்கு உறிஞ்சிக் கொடுக்கும். இன்ஜின் நன்றாகவே இருந்தாலும் புகை கக்கும். வேக்குவம் பைப்பைக் கழற்றி, இன்லெட் பக்கத் துளையை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். புகை நின்றால் பிழை பம்ப்பில்.

டீசல் மாற்றிய ஜீப்புகளைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறோம். பெட்ரோல் செலவு தாங்காமல் ஏராளமான ஜீப்புகளில் டீசல் இன்ஜின் ஏறியது. அது வாழ்வாதாரத்துக்காகச் செய்த வேலை, யாரையும் பழிப்பதற்கில்லை. ஆனால் அவை தொன்மை வாகனம் அல்ல. அவற்றுக்கு அந்தச் சலுகையை நாங்கள் கேட்கவில்லை. மாற்றம் அப்போதே அனுமதியோடு ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருந்தால், வழக்கமான முறையில் எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்துப் புதுப்பித்துக் கொடுங்கள். ஏறாமல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி நடக்கட்டும். பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் பிடித்து மறுபடி மூல நிலைக்குக் கொண்டுவருபவர்களை மட்டும் 'இன்ஜின் மாற்றினாய்' என்று தண்டிக்க வேண்டாம். அதே வகை, அதே எரிபொருள், அதே கொள்ளளவு. எண் மட்டும் வேறு. வாங்கிய ரசீதும் பழைய இன்ஜினின் ஆவணமும் இருந்தால் எண்ணைத் திருத்திக் கொடுப்பதுதான் முறை.

பாடியில் வரும் வாக்குவாதத்துக்கு அளவே இல்லை. தொட்டி எனப்படும் பழைய ஜீப்பின் திறந்த பாடியில், தரைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் உண்டு. பல வண்டிகளில் அவற்றுக்குள் விறைப்புக்காக மரச்சட்டம் வைத்திருப்பார்கள். மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தகடு உள்ளிருந்து வெளியே துருவேறும். மேலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும் தரை, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். டூல் பாக்ஸ் அடி, டிரைவர் கால் வைக்கும் இடம், பின் மூலைகள், பாடி மவுன்ட் உட்காரும் இடம் ஆகிய நான்கும் முதலில் போகும். இவற்றை வெட்டி எடுத்து, 1.2 மி.மீ. தகட்டில் அதே வடிவில் மடித்து வெல்டு வைப்பதே டிங்கர் வேலை. துருவின் மேல் தகட்டை ஒட்டி, பட்டி பூசி மறைப்பது டிங்கர் வேலை அல்ல. ஆய்வாளர் கையில் ஒரு சிறு காந்தம் போதும்: பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் நிற்காது.

முழுத் தொட்டியையே புதிதாக வாங்கி வைப்பவர்களும் உண்டு. ஹரியானாவின் மண்டி டப்வாலி இந்த வேலைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வருவதில் அளவு பிசகாத தொட்டியும் உண்டு, அகலத்தைக் கூட்டிய தொட்டியும் உண்டு. எங்கள் கருத்து இது: இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உள்ள ஃபயர்வாலும் அதில் ரிவெட் அடித்த தகடும் பழையதாகவே இருந்து, மற்றப் பகுதிகள் அதே அளவில், அதே எஃகுத் தகட்டில் மாற்றப்பட்டிருந்தால் அது பழுதுபார்ப்பு. முழுத் தொட்டியும் புதிது என்றால் குழு கூடி, அளவும் படமும் பார்த்து முடிவெடுக்கட்டும். ஃபைபர் தொட்டி, அகலப்படுத்திய தொட்டி, நான்கு கதவு வைத்த தொட்டி எல்லாம் மாற்றம். இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 'முழுத் தொட்டி மாறினால் தொன்மை போச்சு' என்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுத்தில் ஒரு கோடு போட்டுத் தரச் சொல்கிறோம்.

இதுவரை சொன்னது அடையாளம். உயிர் போவதும் நிற்பதும் பிரேக், ஸ்டியரிங், ஹவுசிங் மூன்றில்தான். பெயின்டில் செலவாகும் நேரத்தை அங்கே கொடுங்கள்.

பிரேக் ஒற்றைச் சுற்று. மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கிறது. ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. பல ஆண்டு நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வீல் சிலிண்டரைக் குழியாக அரித்திருக்கும். ரப்பர் மட்டும் மாற்றினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. சிலிண்டரைப் புதிதாகப் போட வேண்டும், இல்லையென்றால் பித்தளை அல்லது ஸ்டீல் ஸ்லீவ் இறக்க வேண்டும். பைப் முனைகள் இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும்; ஒற்றை மடிப்பு ஓட்ட ஓட்டக் கீறும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி, அடிப்பக்கம் ஆங்கர் அருகே 5 தௌ, மேல்பக்கம் 8 தௌ. ஆங்கர் பின்னைத் திருப்பாமல் மேல் கேமை மட்டும் திருப்பி வைத்தால் ஷூ பாதிதான் பிடிக்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போட்டவர்களை மூல வடிவம் கெட்டது என்று ஒதுக்காதீர்கள் என்பது எங்கள் தனி வேண்டுகோள். அது வெளியே தெரியாது, திரும்பக் கழற்றிவிடலாம், மலையில் உயிரைக் காக்கும். டிஸ்க் பிரேக் வைப்பது வேறு விஷயம், அது மாற்றம்.

ஹேண்ட் பிரேக்கைச் சோதிக்கும் விதம் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு டிரம். ஓடும் வண்டியில் இழுத்துச் சோதித்தால் அந்த அடி முழுக்க கிரௌன் பினியனுக்கும் ஆக்ஸில் ஷாஃப்ட்டுக்கும் போகும். ரோலர் மேடையில் இடது வலது ஒப்பிட்டாலும் பொருளில்லை, ஏனென்றால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. சரிவில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து இழுத்துப் பாருங்கள். அதுதான் சோதனை. பிடிக்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை காரணம் ஒன்றே: பின் அவுட்புட் சீலில் கசிந்த கியர் ஆயில் லைனிங்கை நனைத்திருக்கும். லைனிங் மட்டும் மாற்றினால் மறுபடி நனையும். சீல் மாற்ற வேண்டும்; சீல் உரசும் இடத்தில் யோக்கில் (புரொபெல்லர் ஷாஃப்ட் மாட்டும் முனை) கோடு விழுந்திருந்தால் அதற்கு மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும் அல்லது யோக்கையே மாற்ற வேண்டும்.

பின் ஆக்ஸில் முனை கூம்பு வடிவம், 'சாவி' எனப்படும் சிறு இரும்புத் துண்டில் ஹப் உட்கார்ந்திருக்கிறது. நட்டு குறைந்தது 150 அடி-பவுண்டு இறுக்க வேண்டும், பிறகு நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின். தளர்ந்து ஓடினால் சாவி வெட்டுப்பட்டு, ஆக்ஸில் சுற்றும், சக்கரம் சுற்றாது. இழுவை மட்டும் போனால் வண்டி அங்கேயே நிற்கும், பிரேக் பிடிக்கலாம். ஆனால் நட்டும் கழன்றுவிட்டால் ஹப்போடு டிரம்மும் வெளியே வரும். அந்த மூலையில் பிரேக்கும் இல்லை, சக்கரமும் இல்லை. ஹேண்ட் பிரேக்கும் அதே ஷாஃப்ட் வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதால், சாவி வெட்டுப்பட்ட வண்டியை அதை நம்பிச் சரிவில் நிறுத்தக் கூடாது. ஆய்வில் காட்டர் பின் இருக்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச் போதும். கழற்றுபவர்கள் ஹப் புல்லர் இல்லாமல் ஆக்ஸில் முனையில் சுத்தியால் அடிக்க வேண்டாம். மரை போவதோடு, அந்த அடி நடுவில் இருக்கும் திரஸ்ட் பிளாக் வரைக்கும் போகும்.

ஸ்டியரிங். 40, 50 கி.மீ. வேகத்தில் குழியில் இறங்கியதும் முன்சக்கரம் பேய் பிடித்த மாதிரி ஆடும் ஜீப்பை ஓட்டாத டிரைவர் மலையில் இல்லை. வீல் பேலன்ஸ் செய்தும் டேம்பர் மாட்டியும் அதை மறைக்கிறார்கள். டேம்பர் நோயைத் தீர்க்காது, ஆய்வாளர் கண்ணிலிருந்து மறைக்கும். மூலம் பெரும்பாலும் மூன்று இடத்தில்: முன் குறுக்குச் சட்டத்தில் இருந்து ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல் கிராங்க், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங், ஸ்பிரிங்கைச் சேஸியோடு பிணைக்கும் ஷாக்கிள். ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு இடமும் வலமும் ஆட்ட, மற்றவர் கீழே படுத்து பெல் கிராங்க்கைப் பார்க்கட்டும். அது மேலும் கீழும் சாய்ந்தால் புஷ், பேரிங் போய்விட்டது. பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக் மிதித்தபடி ஆட்டியும் ஆட்டம் இருந்தால் அது கிங் பின். மிதித்ததும் நின்றால் வீல் பேரிங். கிங் பின் ஆட்டத்தை ஷிம் (மெல்லிய தகடு) எடுத்துச் சரிசெய்வார்கள். மேலும் கீழும் சமமாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஆக்ஸில் ஜாயின்ட் மையம் தவறும். முன்சக்கரம் நிற்கும் சாய்வின் அளவுகள்: கேஸ்டர் 3 டிகிரி, கேம்பர் 1½ டிகிரி, டோ-இன் 1.2 முதல் 2.4 மி.மீ. ஸ்பிரிங் கட்டை உயர்த்திப் போட்ட வண்டியில் கேஸ்டர் குறைந்துவிடும்; ஆட்டம் அங்கிருந்தே தொடங்கும். ஷாக்கிள்கள் மரை வைத்தவை, அவற்றில் சில இடது மரை. இது தெரியாமல் இழுத்தால் ஹேங்கர் மரை போகும். இடது பக்க வீல் நட்டுகளும் அப்படியே. பஞ்சர் கடையில் ஸ்டட் ஒடிவது இதனால்தான்.

ஃபோர் வீல் டிரைவை ஆய்வு மைதானத்து கான்கிரீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தரையில் திரும்பும்போது ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி லீவர் வெளியே வராமல் சிக்கும். ஆய்வாளர் 'கியர் சிக்குகிறது' என்று எழுதுவார். மண் தரையிலோ புல்லிலோ போட்டுப் பாருங்கள். ரோலர் மேடையில் ஒரு ஆக்ஸிலை மட்டும் ஏற்றும்போது முன் டிரைவ் கழன்றிருக்கிறதா என்று உறுதி செய்யாவிட்டால் வண்டி மேடையிலிருந்து பாயும். முன்னும் பின்னும் ஒரே விகிதமா என்பதும் முக்கியம். பின் ஹவுசிங்கை மட்டும் வேறு வண்டியிலிருந்து மாற்றியவர்கள் உண்டு. சோதிப்பது எளிது: கியர் நியூட்ரலில், ஒரு சக்கரம் தரையில் அசையாமல் இருக்க, எதிர்ச் சக்கரத்தைத் தூக்கிச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் புரொபெல்லர் ஷாஃப்ட் ஐந்தேகால் சுற்றைத் தாண்டி, ஐந்தரைக்குச் சற்று முன் நிற்க வேண்டும். முன் ஹவுசிங்கிலும் அதே கணக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த வண்டியில் ஃபோர் வீல் போடுவது கியர் பாக்ஸைத் தானே உடைத்துக்கொள்வது.

கியர் பாக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஜிஎல்-4 தர 80 அல்லது 90 எண் ஆயில் போதும். பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ள பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்ற வேண்டாம். இரண்டாவது கியர் தானாகக் கழன்றால் அதைக் கட்டாயம் சரிசெய்யச் சொல்லுங்கள், இறக்கத்தில் இன்ஜின் பிரேக் போய்விடும்.

பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் அடியில். கசிவு இருந்தால் எஃப்.சி. கொடுக்கவே வேண்டாம். எம்-சீல் ஒட்டியதையும் ஏற்க வேண்டாம். இப்போது பம்ப்பில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் குழாய், பம்ப் டயஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாம் ஊறிப்போகும். எத்தனால் தாங்கும் குழாயும் டயஃப்ரமும் போடுவது மாற்றம் அல்ல என்று முறையில் எழுதிவிடுங்கள். புகைச் சான்றில் இவ்வளவு பழைய பெட்ரோல் கார்களுக்கு எல்லை சிஓ 3 சதவீதம், ஹெச்சி 1,500 பிபிஎம். நன்றாக ட்யூன் செய்த எஃப்-134 இதில் தேறும். சிஓ கூடினால் சோக் முழுதும் திறக்கவில்லை, ஃப்ளோட் உயரம், அல்லது ஆயில் பாத் ஏர் கிளீனரில் அளவுக்கு மேல் ஆயில். ஹெச்சி மட்டும் கூடினால் பிளக் விட்டு விட்டு அடிக்கிறது, அல்லது கார்புரேட்டர் ஷாஃப்ட் தேய்ந்து காற்று இழுக்கிறது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வரி: 6 வோல்ட்டை 12 ஆக்கியதும், ஃப்யூஸ் பெட்டி வைத்ததும், தலைவிளக்குக்கு ரிலே போட்டதும் பாதுகாப்பு வேலை. இவற்றில் குறை கண்டுபிடிக்க வேண்டாம்.

காகித வேலைக்கு வருகிறோம். இரண்டு பாதை இருப்பதே பலருக்குத் தெரியாது. தொன்மைப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் இறக்கலாம். தோட்டத்துக்குத் தினமும் போகும் ஜீப்புக்கு அது பொருந்தாது. அவர்கள் படிவம் 25-ல் வழக்கமான புதுப்பித்தலைத்தான் கேட்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 2025 ஆகஸ்ட்டிலிருந்து 20 ஆண்டு கடந்த இலகுரக வண்டிக்குக் கட்டணம் 10,000 ரூபாய். தொன்மைப் பதிவு மலிவு என்று நினைத்து மாறிவிட்டு, பிறகு சந்தைக்குப் போகும் வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். உதகை, கொடைக்கானல், வால்பாறை பக்கத்து அலுவலகங்களில் இதைத் தமிழில் ஒரு பலகையாக வையுங்கள்.

காப்பீட்டில் ஒரு முடிச்சு இருக்கிறது. விண்ணப்பத்தோடு காப்பீடு வேண்டும். செல்லுபடியாகும் ஆர்.சி. இல்லாத வண்டிக்குக் காப்பீடு தரத் தயங்குகிறார்கள். விண்ணப்பம் பெற்றதற்கு அலுவலகம் ஒரு கடிதம் கொடுத்தால், அதைக் காட்டி மூன்றாம் நபர் காப்பீடு வாங்க முடியும். அடுத்த முடிச்சு, வண்டியை ஆய்வுக்குக் கொண்டுவருவது. 15 ஆண்டு நின்ற ஜீப்பை மலையிலிருந்து ஓட்டிக்கொண்டு வா என்பது சட்டப்படியும் சரியில்லை, பிரேக் நிலைமைப்படியும் சரியில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றிவந்ததை ஏற்கவும், மலைப்பகுதிகளில் குறிப்பிட்ட ஒரு நாளில் ஆய்வாளர் நேரில் போய்ப் பார்க்கவும் உத்தரவிட வேண்டும். காகிதப் புத்தகமாக மட்டுமே இருக்கும் பழைய பதிவுகளை மத்திய அரசின் இணையப் பதிவேடான வாகன் தளத்தில் ஏற்றும் வேலையை இந்த விண்ணப்பங்கள் வரும்போதே சேர்த்து முடித்துக் கொடுங்கள். உரிமையாளரைப் பழைய மாவட்ட அலுவலகத்துக்கும் புதிய அலுவலகத்துக்கும் அலைய விடாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் கூரையின் கீழேயே. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் முதல் புதுப்பிப்பதில்லை. அலுவலக வளாகங்களில் மரத்தடியில் நிற்கும் துறை ஜீப்புகள் உடைப்புக்குப் போகின்றன. அவற்றில் 5.38 கிரௌன் பினியனும், உடையாத எஃப்-134 ஹெட்டும், டி-90 பாக்ஸும் இருக்கலாம். இன்று புதிதாகக் கிடைக்காத பாகங்கள் இவை. உடைக்கும் முன் பட்டியல் எடுத்து, பாகமாக ஏலம் விட வழி உண்டா என்று பாருங்கள்.

எங்கள் வேண்டுகோள் ஒரே ஒரு சுற்றறிக்கை. மேலே சொன்ன அளவுகளையும் சோதனைகளையும் ஒரு பக்கத் தாளாக்கி, எது பழுதுபார்ப்பு, எது மாற்றம், எது குழுவின் முடிவுக்கு என்று மூன்று கட்டம் போட்டு, பிரேக் இன்ஸ்பெக்டர்கள் கையில் கொடுங்கள். தாளின் வரைவு ஒன்றைத் தயாரித்து இந்த மடலுடன் இணைத்திருக்கிறோம். ஆய்வாளர்களுக்கு நேரில் காட்ட வேண்டுமானால், பிரித்து வைத்த முன் ஹவுசிங் ஒன்றும், சாவி வெட்டுப்பட்ட ஆக்ஸில் ஒன்றும், மர அழுகலோடு வெட்டியெடுத்த தரைத் தகடு ஒன்றும் கோவையில் இருக்கின்றன. தேதியும் இடமும் சொன்னால் கொண்டுவருகிறோம்.

இங்ஙனம்,
பழைய பெட்ரோல் ஜீப்புகளை வைத்திருப்போரும் அவற்றில் வேலை பார்ப்போரும்

இணைப்பு: ஆய்வுத் தாள் வரைவு, 1 பக்கம்